திட்டில் மூன்று நாள் ரேடியோ: முத்துப்பேட்டைக் காயலில் ஹாம் குழுவுக்கு என்ன சோறு, எந்த வேளைக்கு?

கேள்வியின் சுருக்கம் இது. ஆறு பேர் கொண்ட ஹாம், அதாவது அமெச்சூர் ரேடியோ குழு. பிப்ரவரியில் வெள்ளி முதல் ஞாயிறு வரை முத்துப்பேட்டைக் காயல் பக்கம் ஒரு திட்டில் ஆன்டெனா கட்டி இரவு பகலாகப் பேசப் போகிறார்கள். வனத்துறை அனுமதி உண்டு, ஆனால் நெருப்பு மூட்டக்கூடாது. ஆறு பேரில் இரண்டு பேர் சைவம். ஹோட்டல் பொட்டலம் வேண்டாம், இந்தக் கரையின் சாப்பாடுதான் வேண்டும். என்ன கிடைக்கும், எப்படி ஏற்பாடு செய்வது?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். சமைக்க ஆள் கிடைப்பதோ, மீன் கிடைப்பதோ இங்கே சிரமமே இல்லை. சிரமமெல்லாம் வேளையில்தான். பேண்ட், அதாவது ரேடியோ அலைவரிசை, திறந்து தூரத்து நிலையங்கள் கேட்கும் நேரத்தில் இலை போட்டால் யாரும் வந்து உட்கார மாட்டார்கள். அவர்கள் வரும் நேரத்தில் சோறு விறைத்துப்போயிருக்கும். அதனால் சாப்பாட்டுப் பட்டியலை எழுதுமுன் பேண்ட் பட்டியலை எழுதுங்கள்.

பிப்ரவரி நடுவில் இந்தப் பக்கம் சூரியன் ஏறத்தாழ 6.35க்கு உதித்து, மாலை 6.15 வாக்கில் மறையும். உதயத்துக்கும் அஸ்தமனத்துக்கும் முன்பின் அரைமணி நேரம் 40 மீட்டர், 80 மீட்டர் பேண்டுகள் தூரத்து நிலையங்களைக் கொண்டுவந்து கொடுக்கும் நேரம். அந்த இரண்டு மணிகளில் ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள், எழுந்திருக்கவும் கூடாது. மதியத்துக்குமேல் 10, 15 மீட்டரில் ஐரோப்பா வரத் தொடங்கும். இருட்டியபின் 20 மீட்டரில் பத்து, பத்தரை வரை இழுக்கும். நடுவில் ஆள் குறைவாக இருப்பது பகல் பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை. அப்போதுதான் ஐரோப்பாவில் குளிர்கால விடியல். ஆகவே பெரிய சாப்பாடு பதினொன்றரைக்கு. வயலில் இறங்குகிறவர்கள் காலம்காலமாகக் கஞ்சிக் கலயத்தைத் திறக்கும் வேளையும் ஏறத்தாழ இதுவே என்பதால் கரையில் சமைத்துத் தரும் வீட்டுக்கும் இது விசித்திரமாகப் படாது. மாலை ஐந்துக்குச் சிற்றுண்டி, இரவு பத்தரைக்குக் குளிர்ந்த சோறு, விடிகாலை நாலே முக்காலுக்கு வாயில் போட்டுக்கொள்ள ஏதாவது, எட்டரைக்குப் பழைய சோறு. மொத்தம் ஐந்து வேளை. கேட்க அதிகமாகத் தெரியும். ஆனால் ஒவ்வொன்றும் சின்னது, பாதி ஆட்கள் எப்போதும் தூக்கத்தில் இருப்பார்கள்.

நெருப்புத் தடைக்கு மாற்றாக ஜெனரேட்டரில் மின்கெட்டில், இன்டக்‌ஷன் அடுப்பு என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். 1500 வாட் கெட்டில் ஒன்று 2 கேவிஏ ஜெனரேட்டரை மூச்சுத்திணற வைக்கும். 100 வாட் ரேடியோ அழுத்திப் பேசும்போது 13.8 வோல்ட்டில் 20 ஆம்பியருக்குமேல் இழுக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் மின்னழுத்தம் சரிந்து ரேடியோவோ, பதிவு போடும் லேப்டாப்பின் சார்ஜரோ அணையும். இன்டக்‌ஷன் அடுப்பின் சுவிட்சிங் இரைச்சல் வேறு, கீழ் பேண்டுகளில் எழுந்து நின்று மெல்லிய நிலையங்களை மூடிவிடும். சமையல் முழுவதும் கரையில்தான். திட்டுக்கு வருவது வெந்த சோறு மட்டும்.

காயலில் ஆழம் குறைவு. பல இடங்களில் இடுப்பளவுகூட இருக்காது. நீர் வற்றும் நேரத்தில் படகு தரைதட்டும், ஆள் இறங்கித் தள்ளவேண்டும். எனவே படகு நேரத்தை நீங்கள் முடிவு செய்ய முடியாது. போகும் வாரத்துக்கு நீர் ஏறும் நேரம் என்ன என்று படகுக்காரரிடம் முன்கூட்டியே கேளுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு நடை பேசிக்கொள்வது போதும்: பதினொன்றேகால் வாக்கில் ஒன்று, நாலரை வாக்கில் ஒன்று. படகுக்காரர் தொழுகைக்குப் போகிறவர் என்றால் வெள்ளிக்கிழமை நடு மதியம் ஜும்மா. அன்றைக்கு மட்டும் முதல் நடையைப் பத்தரைக்கு முன்னால் தள்ளி வையுங்கள். "பாய், வெள்ளிக்கிழமை மட்டும் கொஞ்சம் சீக்கிரம் வந்திடுறீங்களா?" என்று நீங்களே முந்திக் கேட்டால் அவருக்குச் சங்கடம் இருக்காது.

சமைக்கும் வீட்டில் மெனு எழுதிக் கொடுக்காதீர்கள். "அக்கா, உங்க வீட்ல என்ன வைக்கிறீங்களோ அதையே எங்களுக்கும் கொஞ்சம் கூட வைங்க, காரம் மட்டும் பாதி" என்பது போதும். எழுதிக் கொடுத்தால் சிக்கன் பிரியாணியும் ஃபிரைடு ரைஸும்தான் வரும், ஏனென்றால் வெளியூர்க்காரர்களுக்கு அதுதான் பிடிக்கும் என்பது கரையில் பரவலான நம்பிக்கை.

இந்தக் கரையின் மீன் மடவை. சேற்றை மேய்ந்து வளர்கிற மீன், கொழுப்பு நல்ல கொழுப்பு, ஆனால் ஒழுங்காகக் கழுவாவிட்டால் குழம்பு முழுக்கச் சேற்று வாடை. வயிற்றைக் கீறியதும் உள்ளே கறுப்பாக ஒரு சவ்வு ஒட்டியிருக்கும். அதை விரலாலோ பழைய துணியாலோ முழுவதும் தேய்த்து எடுத்துவிட வேண்டும். கல்லுப்பும் புளிச்சக்கையும் போட்டு உரசி, அரிசி கழுவிய நீரில் இரண்டு முறை அலசினால் வாடை போகும். நான்கு பேருக்கு முழு மீனாக ஒன்றரைக் கிலோ வாங்கினால் கழுவியபின் ஒரு கிலோ நிற்கும். சின்ன வெங்காயம், பூண்டு, இரண்டு எலுமிச்சை அளவு புளி, மாங்காய் கிடைத்தால் நாலு துண்டு. மாங்காய் போட்டால் புளியை அரைப்பங்காகக் குறைக்கச் சொல்லுங்கள். குழம்பு கொதித்து எண்ணெய் மேலே வந்தபின்தான் மீன் இறங்கவேண்டும், அதன்பின் பத்து நிமிடம். கரண்டி போட்டுக் கிளறக்கூடாது, சட்டியைச் சுழற்றவேண்டும். தேங்காய் அரைத்து ஊற்றாத குழம்பாகக் கேளுங்கள். தேங்காய் சேர்ந்தால் கடற்கரை வெக்கையில் நாலைந்து மணி நேரத்தில் நுரைத்துவிடும். வெறும் புளிக்குழம்பு, நீர் படாத கரண்டியால் எடுத்தால், இரவு வரை தாங்கும்.

மடவையில் முள் உண்டு. இயர்போனை ஒரு காதில் வைத்துக்கொண்டு, கண்ணை லேப்டாப்பில் வைத்துக்கொண்டு அதைச் சாப்பிட்டால் தொண்டையில் முள் நிற்கும். ஆகவே ஒரு விதி: முள் மீனும் நண்டும் ரேடியோவை விட்டு எழுந்தவருக்கு மட்டும். உட்கார்ந்திருப்பவருக்கு இறால் தொக்கு. தலையோடு ஒரு கிலோ இறால் வாங்கினால் உரித்தபின் பாதி தேறும். நான்கு பேருக்குச் சோற்றில் பிசைந்து சாப்பிடத் தாராளம். இறாலின் முதுகுக் குடலை எடுக்கச் சொல்லுங்கள், காயல் இறாலில் அது மணலாக நறநறக்கும்.

சேற்று நண்டு இந்தக் காயலின் பெருமை. உயிரோடு, கொடுக்கு கட்டிய நண்டாக வாங்கவேண்டும். செத்த நண்டு எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். அதன் சதை மிக வேகமாகக் கெடும், வேகவைத்தாலும் பயனில்லை. ஆனால் நண்டு இரண்டு கையையும் ஒரு மணி நேரத்தையும் கேட்கும் உணவு. ஞாயிறு மதியம், ஆன்டெனா பிரிப்பதற்கு முன்னால் ஒரே ஒரு வேளை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் வேண்டுமென்றால் நண்டு ரசம் மட்டும் தூக்குவாளியில் வரச் சொல்லலாம், டம்ளரில் குடித்துவிடலாம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகு மீன்பிடித் தடை. பயணம் அந்த மாதங்களுக்குத் தள்ளிப்போனால் மீன் விலை ஏறியிருக்கும், நாட்டுப்படகு மீனை நம்பவேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அப்போது சோறு பற்றி அல்ல, போகலாமா என்பது பற்றியே யோசிக்கவேண்டும். நீங்கள் பிப்ரவரி பிடித்தது சரி.

சைவக்காரர் இரண்டு பேருக்கும் அவசரத்துக்கு மற்ற நால்வருக்கும் ஆதாரம் புளிக்காய்ச்சல். இதை மட்டும் ஊரிலிருந்தே செய்து பாட்டிலில் எடுத்து வாருங்கள். ஒரு கிலோ அரிசிச் சோற்றுக்கான அளவு சொல்கிறேன். பழைய புளி 150 கிராம், நல்லெண்ணெய் 200 மில்லி, காய்ந்த மிளகாய் 20, கடலைப்பருப்பு 50 கிராம், நிலக்கடலை 100 கிராம், சுண்டைக்காய் அளவு கட்டிப் பெருங்காயம், மஞ்சள்தூள் ஒரு தேக்கரண்டி, கல்லுப்பு 40 கிராம் வரை, நெல்லிக்காய் அளவு வெல்லம். புளியைக் கெட்டியாகக் கரையுங்கள். தண்ணீர் கூடக்கூடக் காய்ச்சும் நேரம்தான் கூடும். எண்ணெயில் கடுகு, பருப்பு, கடலை, மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை வரிசையாகப் பொரிந்ததும் புளிக்கரைசல், மஞ்சள், உப்பு. சிறு தீயில், எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்கும் வரை. பொறுமையில்லாமல் இறக்கினால் பச்சைப்புளி வாடையும் அடிக்கும், மூன்றாம் நாள் பூஞ்சையும் பூக்கும். இறக்குமுன் வறுத்துப் பொடித்த வெந்தயம் ஒன்றரைத் தேக்கரண்டி, எள்ளும் தனியாவும் தலா இரண்டு மேசைக்கரண்டி. வெந்தயம் தீய்ந்தால் மொத்தமும் கசக்கும். அதைத் தனியாக வறுங்கள். முழுக்க ஆறியபின் காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில். ஈரக் கரண்டி படாதவரை ஒரு வாரத்துக்குக் குறையாமல் நிற்கும்.

புளிசாதமாகக் கலந்து கட்டுவது முதல் நாளுக்கு மட்டும். அதற்கு ஒரு வருடம் பழகிய அரிசி வேண்டும், தை அறுவடைப் புது அரிசி குழைந்து களியாகிவிடும். சோற்றை உதிரியாக வடித்து, அகலத் தாம்பாளத்தில் கொட்டி, ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டு, கை வைத்தால் சூடே தெரியாத அளவுக்கு ஆறவிடவேண்டும். கட்டுச்சோறு கெடுவதற்குப் பெரும்பாலும் காரணம் சமையல் அல்ல, அவசரம். சூட்டோடு கட்டினால் ஆவி இலையில் முத்துமுத்தாக இறங்கி, அந்த ஈரம் படும் சோறு முதலில் நூல்விடும். வாழையிலையைத் தணலில் லேசாக வாட்டினால் கிழியாது. வாட்டிய இலையின் மேல் சுத்தமான வேட்டித்துணி. செய்தித்தாள் வேண்டாம், எண்ணெயில் மை இறங்கும். வெங்காயம், பூண்டு, தேங்காய் மூன்றும் இதில் கிடையாது. காலையில் கட்டினால் அன்று இரவோடு முடித்துவிடுங்கள்.

இரவு பத்தரைச் சாப்பாட்டுக்குத் தயிர்சாதம். இதில் பழைய ரயில் பயண உத்தி ஒன்று உண்டு: தயிர் ஊற்றிப் பிசையாமல், குழைந்த சோற்றில் காய்ச்சி ஆறிய பாலை ஊற்றி மசித்து, உறைக்கு ஒரு கரண்டி தயிர் மட்டும் விட்டுக் கட்டுவது. மாலை நாலு மணிக்குக் கட்டினால் இரவு பத்துக்குப் பதமாக உறைந்திருக்கும், புளிப்பு இராது. உப்பைக் குறைத்துப் போடுங்கள். ஒரு நெல்லிக்காய் வெண்ணெய் சேர்த்தால் சோறு இறுகாது. தொட்டுக்கொள்ள நார்த்தங்காய், மாவடு, மோர் மிளகாய்.

இட்லியும் அப்படியே. வெந்த இட்லி ஆறியபின் இரண்டு பக்கமும் நல்லெண்ணெய் தடவி, மிளகாய்ப்பொடி பூசி, இலையில் அடுக்கினால் மறுநாள் காலை வரை மெத்தென்று இருக்கும். சட்னி என்ற பேச்சே வேண்டாம். கும்பகோணம் கடப்பா மேல் ஆசை வரும், நியாயம்தான். ஆனால் பாசிப்பருப்பும் தேங்காயும் சேர்ந்த அது அரை நாள்கூடத் தாங்காது. வரும் வழியில் கும்பகோணத்திலேயே சாப்பிட்டுவிட்டு வாருங்கள். நீடாமங்கலத்துப் பால்திரட்டும் அதே கதை, குளிர்பெட்டி இல்லாமல் தூக்கிவரும் பொருள் அல்ல. திருவையாறு அசோகா நெய் தாராளமாக விட்டுக் கிளறியதாக இருந்தால் மூன்று நாள் வரும்; நாகூர் தம்ரூட்டும் வரும், அது துண்டு போட்டதாக இருப்பதால் கையில் ஒட்டாது. இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் தம்ரூட் எடுங்கள், ஆனால் அதில் முட்டை உண்டு என்பதைச் சைவக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

பழைய சோறு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், இதில்தான் வெளியூர்க் குழுக்கள் சொதப்புகின்றன. புழுங்கல் அரிசிதான் வேண்டும். பச்சரிசி கரைந்து கூழாகும். ஆறு பேருக்கு 600 கிராம் அரிசி. மாலை நடையில் வரும் சோறு முழுக்க ஆறியபின், எட்டு மணி வாக்கில், மண்சட்டியில் போட்டு, காய்ச்சி ஆறிய நீரை இரண்டு விரற்கடை மேலே நிற்குமாறு ஊற்றுங்கள். கேன் நீரும் சரி. காயல் நீர் ஒரு சொட்டும் சேரக்கூடாது. உப்பு இரவில் போடாதீர்கள், சாப்பிடும்போதுதான். சட்டியை ஈரத்துணி சுற்றி நிழலில், காற்றுப்படும் இடத்தில் வையுங்கள்; கூடாரத்துக்குள் ஜெனரேட்டர் பக்கம் வைத்தால் விடிவதற்குள் புளித்து நாறும். காலை எட்டரைக்கு மோர் விட்டுப் பிசைந்து சின்ன வெங்காயத்தோடு. ஒன்பது மணிக்குமேல் மீந்ததைக் கொட்டிவிடுங்கள். இரவு ஷிஃப்ட் முடித்துத் தூங்கப் போகிறவருக்கு முதல் பங்கு. அடுத்து உட்காரப் போகிறவர் பாதி வயிறு சாப்பிட்டால் போதும், இல்லையென்றால் மோர்ஸ் கீயின் மேலேயே தலை சாயும்.

மாப்பிள்ளை சம்பா வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். அது இந்த மண்ணின் அரிசிதான். பக்கத்தில் திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில், 2018இல் மறைந்த நெல் ஜெயராமன் நெல் திருவிழா நடத்திப் பாரம்பரிய விதைகளைப் பரப்பியதால் இன்றைக்குப் பல வீடுகளில் கருங்குறுவை, பூங்கார், காட்டுயானம் எல்லாம் மறுபடி புழங்குகின்றன. பழைய சோற்றுக்கு மாப்பிள்ளை சம்பா மிக நன்றாக வரும். ஆனால் சமைப்பதற்கு முன் எட்டு மணி நேரமாவது ஊறவேண்டும், வடிக்கவும் நேரம் பிடிக்கும். வீட்டு அக்காவிடம் முந்தின நாளே சொல்லுங்கள். அதோடு, பாலிஷ் அரிசிக்குப் பழகிய வயிறு முதல் நாளே இதை முழு அளவில் ஏற்காது. கழிப்பறை வசதி குறைந்த திட்டில் அந்தச் சோதனை வேண்டாம். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே வீட்டில் சாப்பிட்டுப் பழகியிருந்தால் மட்டும்.

மாலை ஐந்து மணிக்கு இந்தக் கரையில் கிடைக்கும் மிகச் சிறந்த பொருள் கஞ்சியும் வாடாவும். பச்சரிசி நொய், பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி பூண்டு, புதினா, மல்லி சேர்ந்த நோன்புக் கஞ்சியை முத்துப்பேட்டையிலும் அதிராம்பட்டினத்திலும் வைக்கத் தெரியாத வீடு அபூர்வம். ரமலான் அல்லாத மாதத்திலும் கேட்டால் வைத்துத் தருவார்கள். கடைசியில் ஊற்றும் தேங்காய்ப்பாலை விடச் சொல்லாதீர்கள், அதில்தான் ருசி. பதிலாக வந்த ஒரு மணி நேரத்துக்குள் குடித்து முடியுங்கள். கொத்துக்கறி போட்டதும் போடாததும் தனித்தனித் தூக்குவாளியில், மூடியில் நூல் கட்டி அடையாளத்தோடு வரட்டும். வாடா என்பது வடை அல்ல. அரிசிமாவு, தேங்காய், வெங்காயம் பிசைந்து மேலே இறால் வைத்துப் பொரிப்பது. சூடாக இருந்தால்தான் வாடா. ஆறினால் ரப்பர்.

வாடா தின்ற கையோடு பேடிலை, அதாவது மோர்ஸ் தட்டும் விசையை, தொடாதீர்கள். எண்ணெயும் கடற்காற்றின் உப்பும் சேர்ந்து தொடுமுனையில் படிந்தால் புள்ளிகள் விட்டுவிட்டு விழும். எதிர்முனையில் உங்கள் அழைப்புக்குறியையே தப்பாக எழுதுவார்கள். மேசைக்கு ஒரு ஈரத்துணி, ஒரு காய்ந்த துணி. உட்கார்ந்திருப்பவருக்குக் கரண்டியால் சாப்பிடக்கூடியதை மட்டும் கொடுங்கள். இன்னொன்று: முறுக்கு, தட்டை, பொரி. வாக்ஸ் (சத்தம் கேட்டதும் தானாக ஒலிபரப்பத் தொடங்கும் வசதி) போட்டு வைத்திருந்தால் கடிக்கிற சத்தத்துக்கே டிரான்ஸ்மிட்டர் எழுந்துகொள்ளும். சத்துமாவை உலர்ந்த பொடியாக வாயில் போட்டால் குரலில் பேசுகிறவருக்கு இருமல் பிடிக்கும், கரைத்துத்தான் குடிக்கவேண்டும். கும்பகோணம் கொழுந்து வெற்றிலை போடுகிறவர் குழுவில் இருந்தால் அவரை மோர்ஸ் மேசைக்கு மாற்றிவிடுங்கள். வாய் நிறைய வெற்றிலையோடு ஃபைவ் நைன் (நன்றாகக் கேட்கிறது என்பதற்கான குறிப்பு) சொன்னால் யாருக்கும் புரியாது.

விடிகாலைக்குப் பொரிவிளங்காய் உருண்டை. வறுத்த பச்சைப்பயறு 250 கிராம், புழுங்கலரிசி 200, கோதுமை 100, மூன்றையும் தனித்தனியாக மணம் வரும்வரை வறுத்து மாவாக்கி, சுக்கும் ஏலமும் தட்டிப்போட்டு, 400 கிராம் வெல்லத்தைக் கெட்டிப்பாகாக்கி ஊற்றி, சூட்டோடு உருட்டுவது. தேங்காய்ப் பல்லை நெய்யில் நன்றாகச் சிவக்க வறுத்தால்தான் போடலாம். ஈரம் இருந்தால் நாலாம் நாள் பூஞ்சை. இந்த உருண்டை கல் மாதிரி இருக்கும், அதுதான் அதன் குணம். நெல்லிக்காய் அளவில் உருட்டுங்கள், கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு அரை மணி நேரம் வேலை பார்க்கலாம். பல் கட்டியவர்களுக்குப் பதிலாகக் கெட்டி அவல்: இருபது நிமிடம் ஊறவைத்து, வெல்லமும் வாழைப்பழமும். தை, மாசியில் வேதாரண்யம் பக்கத்துப் பனங்கிழங்கும் வரும். கரையில் வேகவைத்து, நார் உரித்து, இரண்டாக உடைத்து நடுக்குருத்தை எடுத்துவிட்டுத் தரச் சொல்லுங்கள். இரண்டு நாள் கெடாது.

குடிக்க: ஆள் ஒன்றுக்கு நாளைக்கு ஐந்து லிட்டர், ஆறு பேர் மூன்று நாள் என்றால் 90. இருபது லிட்டர் கேன் ஐந்து எடுங்கள். கை, பாத்திரம் கழுவத் தனியாக இரண்டு கேன். பாத்திரத்தை முதலில் காயல் நீரில் அலசி, கடைசிக் கழுவலுக்கு மட்டும் நல்ல தண்ணீர். பகல் வெயிலில் ஆன்டெனா ஏற்றுகிறவருக்குப் பானகம்: லிட்டருக்கு வெல்லம் 150 கிராம், சுக்குத்தூள் அரைத் தேக்கரண்டி, ஏலம் மூன்று, ஒரு எலுமிச்சை, ஒரு சிட்டிகை உப்பு. காபிப் பிரியர்களுக்கு ஒரு எச்சரிக்கை: டிகாக்‌ஷன் ஒரு நாள் தாங்கும், பால் தாங்காது. பிளாஸ்கில் வெதுவெதுப்பாக நிற்கும் பால்தான் மிக வேகமாகத் திரியும். இரவுக்குப் பால் இல்லாத சுக்கு மல்லிக் காபி, கருப்பட்டி போட்டது. பிளாஸ்கை முதலில் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் சூடாக்கிவிட்டு, அந்த நீரைக் கொட்டிவிட்டுக் காபியை நிரப்பினால் விடிகாலை வரை குடிக்கும் சூடு இருக்கும்.

மீன்காரர்களின் தெர்மோகோல் பெட்டி ஒன்று, ஐஸ் பத்துக் கிலோ, இறால் தொக்கும் மோரும் வைக்க. அந்த ஐஸை உடைத்துப் பானகத்தில் போட்டுவிடாதீர்கள். அது மீன் ஐஸ், குடிநீரில் செய்தது என்று நம்ப முடியாது. அலையாத்திக் காட்டில் நரி உண்டு. கருவாட்டு வாடையும் மீன் முள்ளும் அதை இரவில் கூடாரத்துக்கு அழைத்துவரும், அது ஆன்டெனாவுக்குப் போகும் கோஆக்ஸ் கம்பியையும் கடித்துப் பார்க்கும். முள், ஓடு, இலை எல்லாவற்றையும் மூடியுள்ள வாளியில் போட்டு அடுத்த படகிலேயே கரைக்கு அனுப்புங்கள். அனுமதியின் நிபந்தனையும் அதுவாகத்தான் இருக்கும்.

கடைசியாக, கூடுதல் ஒரு நாளுக்கு உணவு. 2004 டிசம்பரில் ரேடியோ பயணமாக அந்தமான் போன ஹாம் பாரதி பிரசாத்தின் குழு, சுனாமி அடித்ததும் போர்ட் பிளேரிலேயே தங்கி நிவாரணச் செய்தி அனுப்பியது; தீவுப் பயணம் திட்டப்படி முடியும் என்று யாரும் எழுதித் தரவில்லை. உங்களுக்குக் காற்று திரும்பினாலே படகு வராமல் போகலாம். திறக்காத டப்பாவில் கெட்டி அவல் 2 கிலோ, வெல்லம் 1 கிலோ, வறுத்த நிலக்கடலை 1 கிலோ, பருப்புப்பொடி, மீந்த புளிக்காய்ச்சல், கூட ஒரு கேன் தண்ணீர். ஊறிய அவலில் புளிக்காய்ச்சல் பிசைந்தால் நெருப்பே இல்லாமல் புளி அவல் ஆகிவிடும். அசைவக்காரருக்கு மாசிக்கருவாட்டுப் பொடி கால் கிலோ: சூரை மீனை அவித்து, புகைபோட்டு, காயவைத்தது, லட்சத்தீவில் உள்ள மினிக்காய்த் தீவின் பொருள், மாதக்கணக்கில் கெடாது. தேங்காய் சேர்க்காமல் மிளகாயோடு இடித்ததாக வாங்குங்கள்.

இந்தத் திட்டு தீவுப் பட்டியலில் கணக்காகுமா என்பதைக் கிளம்புமுன் ஐஓடிஏ (தீவுகளிலிருந்து பேசுவதைக் கணக்கிடும் ஹாம் திட்டம்) பட்டியலில் பார்த்துவிடுங்கள். 1964இல் தொடங்கிய அந்தத் திட்டம் கடல்நீர்த் தீவுகளுக்கு மட்டும். ஸ்ரீரங்கம் எவ்வளவு பெரிய தீவானாலும் ஆற்றுத்தீவு என்பதால் சேராது, காயலுக்குள் இருக்கும் சின்னத் திட்டுகளும் எல்லாம் சேர்ந்துவிடாது. சேராவிட்டாலும் சோறு இதே சோறுதான்.

கூலியை மூன்று நாளுக்கும் சேர்த்துக் கடைசியில் கொடுக்காமல், மீனும் அரிசியும் வாங்க முன்பணமாகப் பாதியை வியாழன் மாலையே கொடுங்கள். படகுக் கூலி வேறு, சமையல் கூலி வேறு. சமையல் பணத்தை அக்கா கையிலேயே கொடுப்பது நல்லது. தூக்குவாளிகளைக் கழுவித் துடைத்துத் திருப்பும்போது வெறும் வாளியாகத் தராதீர்கள், இந்தப் பக்கம் அது வழக்கமில்லை. தம்ரூட் மீந்திருந்தால் நாலு துண்டு, இல்லையென்றால் ஒரு கைப்பிடி வெல்லம் போட்டு மூடிக் கொடுங்கள்.